மூலையில் வை

குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்குப் பெயர் விளக்கக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது அவளுக்கே அது யாரோ தூரத்துச் சொந்தக்காரியின் பெயர் போலத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக இருட்டறையில் உட்கார்ந்து முட்டைக்கு லைட் அடித்துப் பார்ப்பது அவள் வேலை. ஜன்னல் இல்லாத சின்ன அறை, கறுப்புப் பெயிண்ட் அடித்த சுவர், மேஜை மேல் ஒரு தகரப் பெட்டி, அதன் தலையில் கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை, உள்ளே பல்பு. முட்டையின் அகலமான பக்கத்தை ஓட்டையில் பொருத்திக் கட்டைவிரலால் அரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். பார்க்க வேண்டியதை அந்த அரைச் சுற்றுக்குள் பார்த்துவிட வேண்டும்.

மிஷினில் வைத்த ஏழாம் நாள் முட்டைக்குள் சிலந்தி மாதிரி ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து நாலா பக்கமும் ஓடும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நரம்பெல்லாம் கரைந்து ஒரு ரத்த வளையம் மட்டும் நின்றால் இருந்து செத்தது. ஒன்றுமே இல்லாமல் பளிச்சென்று மஞ்சளாக எரிந்தால் கூமுட்டை. அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே தன்னைக் கூமுட்டை என்று கண்டுபிடித்திருக்க வேண்டுமே என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். அன்றைக்குக் கையில் லைட் இல்லை, அதனால்தான் ஏமாந்தேன் என்பாள் அவள்.

போன வருடம் புது மிஷின் ஒன்று வந்தது. ஒரு ட்ரே முட்டையையும் ஒரே நேரத்தில் லைட் அடித்துப் பார்த்து, செத்ததைத் தானே எடுத்துப் போட்டுவிடும். வெள்ளை முட்டை, பழுப்பு முட்டை எல்லாம் அதற்குப் போய்விட்டன. ஆனால் ஆறாம் கொட்டகை முட்டை மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. அந்தக் கொட்டகைக் கோழிகள் நீல முட்டை இடுகிறவை. ஓடு வெளியே மட்டும் நீலமில்லை, உடைத்துப் பார்த்தால் உள்பக்கமும் நீலம்தான். லைட்டில் வைத்தால் குளத்துக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்ததுபோல் பச்சையாகத் தெரியும். மிஷின் அத்தனையையும் கூமுட்டை என்று தள்ளியது. அதனால் நீல முட்டை இருக்கும்வரை இருட்டறை இருக்கும், இருட்டறை இருக்கும்வரை விளக்கக்கா இருப்பாள் என்று ஆகிவிட்டது. ஐம்பத்தொரு வயதில், வெயிலுக்கு வந்தால் கதவோரம் ஒரு நிமிடம் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிற ஒருத்திக்கு, வேறு எங்கே என்ன வேலை கிடைக்கும்?

ஆறாம் கொட்டகை ட்ரேக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஒவ்வொரு ட்ரேயிலும் ஒரு அட்டை சொருகியிருக்கும். முதல் வரி கொட்டகை எண், இரண்டாவது முட்டை வைத்த தேதி, மூன்றாவது எண்ணிக்கை. மிஷின் ஈரத்தில் அட்டை நைந்துபோகும் என்பதால், பதினெட்டாம் நாள் பொரிக்கிற பெட்டிக்கு மாற்றும்போதும், அடுத்த ஈடு வைக்கும்போதும், பழைய அட்டையைப் பார்த்துப் புது அட்டை எழுதுவார்கள். ஆறாம் கொட்டகை அட்டையில் மட்டும் நாலாவதாக ஒரு வரி: மூலையில் வை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. மூடிவிட்ட ஏதோ பண்ணையிலிருந்து முதலாளி இந்தக் கோழிகளை வாங்கி வந்தபோது அட்டையும் கூடவே வந்ததாம், அதிலேயே அந்த வரி இருந்ததாம். எழுதினவன் அங்கே மூன்று நாள் வேலை பார்த்துவிட்டுப் போனவன் என்று ஒரு பேச்சு. அப்படி ஒருவன் இருந்தானா என்பதற்கும் சாட்சி இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் அதைப் பார்த்து எழுதினாள், ட்ரேயை மிஷினின் இடது பக்கக் கீழ் மூலையில் வைத்தாள். லீவு போட்ட நாளில் வேறு யார் எழுதினாலும் அந்த வரியையும் எழுதினார்கள், அங்கேயே வைத்தார்கள்.

அவள் ஒரே ஒரு தடவை அதைக் கூர்ந்து பார்த்திருக்கிறாள். அந்த வரியில் வருகிற 'லை' பழைய லை. லகரத்தின் தலைமேல் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து இறங்குகிற எழுத்து. இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை. அவளும் எழுதுவதில்லை. வீட்டில் கடை லிஸ்ட்டில் 'தலையணை உறை' என்று எழுதினால் லை சாதாரண லைதான். இந்த அட்டையில், இந்த ஒரு வரியில் மட்டும், கை தானாகத் துதிக்கையைப் போட்டுவிடுகிறது. அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வருடம் சுற்றுப்பக்கப் பண்ணைகளில் ஒரு நோய் வந்தது. கோழி நன்றாகத்தான் இருக்கும், மெல்ல இளைக்கும், அறுத்துப் பார்த்தால் ஈரல் வயிறு முழுக்க வீங்கிக் கட்டிகட்டியாக இருக்கும். ஒரு வைரஸ், தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வரும், கூட இருக்கிற கோழிக்கு எச்சம் வழியாகவும் ஒட்டும் என்று கோழி டாக்டர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். அவர் சின்ன வயசுக்காரர். எதைச் சொன்னாலும் கடைசியில் 'புரியுதா' என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோல் கேட்பார். எல்லாக் கொட்டகையிலும் முட்டை எடுத்து வெள்ளைக்கருவைச் சோதித்தார். குழிகுழியான ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரு குழிக்கு ஒரு முட்டை. வைரஸின் புரதம் இருந்தால் குழி மஞ்சளாகும்.

மற்றக் கொட்டகைகளில் ஒரு குழிகூட மாறவில்லை. ஆறாம் கொட்டகைத் தட்டில் அத்தனை குழியும் மஞ்சள்.

முதலாளி காதுமடலைத் தடவிக்கொண்டே நின்றார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். அழித்துவிடலாம் என்றார். டாக்டர் ஒரு வழி சொன்னார். கொட்டகையைப் பூட்டி வைப்போம். அங்கிருந்து முட்டையை எடுத்துக் கழுவி, தனி மிஷினில் பொரித்து, குஞ்சுகளை வேறு கோழியின் மூச்சுக்காற்றுகூடப் படாமல் தனி அறையில் வளர்ப்போம். நோயுள்ள கோழியும் எல்லா முட்டைக்குள்ளும் நோயை வைத்து விடுவதில்லை, கொஞ்சத்துக்குத்தான் போகும். சுத்தமாக வந்ததை வைத்துப் புதிதாக ஆரம்பிக்கலாம். அதில் ஒரு கோழிகூடத் தேறவில்லை என்றால் இந்த இனத்தையே விட்டுவிட வேண்டியதுதான்.

அறையைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள்தான் வேண்டும் என்றார். விளக்கக்கா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பழைய சாமான் அறையை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போட ஒரு பச்சை ரப்பர் செருப்பு, வெளியே போட அவளுடைய பழுப்புச் செருப்பு, நடுவில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. உள்ளே வந்தது எதுவும் வெளியே போகக் கூடாது, இறகுகூட. சேவல் குஞ்சுகளைக் கழித்தது போக முப்பத்தெட்டுப் பெட்டை மிஞ்சியது. ஒன்றாம் நம்பரிலிருந்து முப்பத்தெட்டு வரை காலில் வளையம். வளர வளர அவளுக்கு ஒன்று உறுத்தியது. மற்றக் கோழிகள் ஆளைக் கண்டால் ஒன்று ஓடும், ஒன்று கொத்தும், ஒன்று சட்டையே செய்யாது. இவை அவள் கதவைத் திறந்ததும் முப்பத்தெட்டும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பும். அவளைத் தவிர வேறு மனுஷ வாசமே தெரியாததால் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இருந்தாலும் அந்தப் பார்வைக்கு முதுகைக் காட்டித் தண்ணீர் ஊற்ற அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவற்றில் சில முட்டையிட ஆரம்பித்திருந்த நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகள் போன் செய்தாள். ஐந்து மாதம்.

"ம்மா, லேசா ரத்தம் படுது. பயமா இருக்கு. வா" என்றாள்.

அவள் கிளம்பி கேட் வரை வந்துவிட்டாள். அப்போதுதான் அறையில் தண்ணீர்ச் சட்டி காலி என்று ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினாள். கதவைத் திறந்தாள், சட்டியை நிரப்பினாள், ஓடி வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து காலைப் பார்த்தபோது, பழுப்புச் செருப்பின் பட்டையில் ஒரு சின்ன நீலச் சாம்பல் இறகு ஒட்டியிருந்தது. குளிக்கவும் இல்லை, செருப்பை மாற்றவும் இல்லை. இறகை ஜன்னல் வழியாக விட்டாள்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேன் எடுக்கிற அறை இருட்டாக இருந்தது. திரையில் ஒரு கரும்புள்ளி துடித்தது. நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகும் என்றாள் ஸ்கேன் பார்க்கிற பெண். விளக்கக்காவுக்கு அந்தப் பெண்ணின் கட்டைவிரலைப் பார்க்கத்தான் தோன்றியது. அதுவும் அரைச் சுற்றுத்தான் சுற்றியது. மகளைக் கையோடு தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். செருப்பைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, முப்பத்தெட்டும் முட்டையிட்டுப் பழகியபின், டாக்டர் கோழிக்கு ஒரு முட்டை எடுத்தார். மறுநாள் மத்தியானம் அவளைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். முப்பத்தெட்டுக் குழியும் மஞ்சள். அடர் மஞ்சள்கூட இல்லை. வெளிறிய மஞ்சள், எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே கை ஒரே சொம்பிலிருந்து அளந்து ஊற்றினதுபோல. நோய் என்றால் ஒன்றைப் பிடிக்கும், ஒன்றை விடும், ஒன்றை முக்கால்வாசி தின்னும். அம்மை போட்ட வீட்டில்கூட ஒரு பிள்ளை தப்பித்துக்கொண்டு திரியும். இப்படி ஒன்றுவிடாமல் வரிசையாக நிற்காதே என்று எங்கேயோ ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் அதை மிதித்துக்கொண்டு பழுப்புச் செருப்பு மேலே வந்து நின்றது.

கதவு வழியாக யாராவது போனார்களா என்று முதலாளி கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"நான்தான் போனேன். ஒரு நாள் வெளிச் செருப்போட போயிட்டேன், சார்" என்றாள்.

முதலாளி காதுமடலிலிருந்து கையை எடுத்தார். அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்த மனுஷன் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை. அன்று சாயங்காலமே முப்பத்தெட்டையும் முடித்தார்கள். பிடித்துக் கொடுத்தது அவள்தான். அவள் கைக்கு மட்டும்தான் அவை அடங்கின. ஆறாம் கொட்டகைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதோடு இருட்டறையும் சாமான் அறையாகும். அவளைக் கணக்கு முடித்து அனுப்பப் போவதை யாரும் வாயால் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பை வாசலுக்கு வெளியே, படிக்கும் கீழே கழற்றிப் போட்டாள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், இரண்டு தடவை. மகள் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பிள்ளை உதைக்கிறது, தொட்டுப் பார் என்றாள். இவள் கை ஈரம் என்றாள். மறுநாளும் ஈரம் என்றாள். கோழி நோய் மனுஷனுக்கு வராது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அது அவளுக்குத் தெரியும், அவள் கைக்குத் தெரியவில்லை. கணவர் ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருக்கிறவர்கள் எல்லா பட்டனையும் அழுத்துவார்களாம், அதனால்தான் பழுதே முற்றுமாம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். அப்புறம் அடுப்பங்கரைக்கே வந்துவிட்டார்.

"செருப்புல வந்துச்சுன்னு நீயாத்தானே சொல்லிக்கிட்ட. செருப்பு சொல்லுச்சா?"

"சும்மா இருங்க."

"இல்ல, கேக்குறேன். கண்ணால பாக்காத எதையும் முட்டைல எழுத மாட்டியே நீ."

அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமை தனி அறையைக் கழுவிச் சாவி கொடுக்கப் போனாள். கதவைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு கணம் நின்றாள். திரும்புவதற்கு அங்கே தலைகள் இல்லை. தீவனச் சட்டி, தண்ணீர்ச் சட்டி, சிவப்புக் கோடு. மூலையில் சின்ன ஃபிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தலாம் என்று திறந்தாள். உள்ளே ஒரு ட்ரே நிறையக் குட்டிக் குட்டி நீல முட்டைகள்.

தலையீற்று முட்டைகள். பெட்டைக்கோழி முதன்முதலில் இடுவது சின்னதாக இருக்கும், பொரிக்க வைக்க மாட்டார்கள். வேறு கொட்டகையாக இருந்தால் ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். இங்கே எதுவும் வெளியே போகக் கூடாது என்பதால் அவள் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தாள், வைத்ததை மறந்தும் போனாள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் வளைய நம்பர், தேதி, அவள் கையெழுத்தில்.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தாள். செருப்போடு உள்ளே வந்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு மறக்கிற நாளா? அதற்கு முந்தின தேதி போட்டவை பதினொன்று.

பதினொன்றையும் சேலைத் தலைப்பில் பொதிந்து டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் தேதிகளைப் படித்தார், அவள் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் கையுறையை மாட்டினார். வியாழக்கிழமை மத்தியானம் தட்டு வந்தது. பதினொரு குழி. அதே வெளிறிய மஞ்சள்.

இரண்டு பேரும் குழிகளை மறுபடி எண்ணினார்கள். அது அவள் காலோடு வரவில்லை. அதற்கு முன்பே உள்ளே இருந்திருக்கிறது. தாயிடமிருந்து முட்டையில் வந்திருக்கலாம் என்றால் கொஞ்சத்துக்குத்தான் வந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு என்பது என்ன கணக்கு? தண்ணீரில் இல்லை, தீவனத்தில் இல்லை, காற்றில் இல்லை. பூட்டின அறைக்குள், கோடு போட்ட வாசலைத் தாண்டாமல், ஒன்று எல்லாவற்றுக்குள்ளும் ஒரே அளவாக உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். ஏன் சாத்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

டாக்டர் முதலாளியிடம் இரண்டு வாரம் அவகாசம் கெஞ்சி வாங்கினார். ஆறாம் கொட்டகைக் கோழிகளின் ரத்தத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பினார். கொட்டகைக்குள் போகக் கூடாது என்று முதலில் தடுத்தவர்களில் யாரும் இப்போது இவளைத் தடுக்கவில்லை. தனி அறைக்கு இன்னொரு ஈடு தேவைப்படலாம் என்று, தட்டு மஞ்சளாவதற்கு முன் தனி மிஷினில் வைத்த ஆறாம் கொட்டகை முட்டை ஒரு ட்ரே ஏழாம் நாளை எட்டியிருந்தது. எறியச் சொல்லியிருந்தார்கள். எறிவதற்கு முன் பார்க்காமல் எறிந்து அவளுக்குப் பழக்கமில்லை.

இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு லைட்டைப் போட்டாள். பச்சை வெளிச்சத்தில் முதல் முட்டை. புள்ளி, நரம்பு, உயிர். இரண்டாவது, மூன்றாவது. எல்லாவற்றிலும் நரம்பு வேறு வேறு தினுசாகத்தான் ஓடியது. அதில் எங்கே இருக்கிறது அது? புள்ளியிலா? ஓட்டிலா? இருபத்திரண்டு வருடமாக இந்த ஓட்டையில் வைத்துச் சுற்றின அத்தனை நீல முட்டைக்குள்ளும் அது இருந்திருக்கிறது, அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அது அங்கே இருந்திருக்கிறது. ஒரு முட்டையை எடுத்த கையை அப்படியே ஓட்டையின் மேல் வைத்தாள். விரலிடுக்கெல்லாம் சிவப்பாக எரிந்தது. அதிலும் ஒன்றும் தெரியவில்லை. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

ட்ரேயை எறியவில்லை. மிஷினுக்குத் திருப்பி எடுத்துப்போய் வைத்துவிட்டாள்.

அந்த ட்ரேயின் பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போவதற்கு முன்னால் இருட்டறைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அங்கே வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இருந்த ஒரே ஸ்டூலை அவருக்குக் கொடுத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

இந்த வகை வைரஸ் மற்றதைப்போல் இல்லை என்று ஆரம்பித்தார். வந்தோம், பெருகினோம், போனோம் என்று இருக்காது. செல்லுக்குள் நுழைந்ததும் தன் எழுத்தை அந்தச் செல்லின் எழுத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். அப்புறம் செல்லின் நடுவில் சுருட்டி வைத்திருக்கிற டிஎன்ஏ நூலை ஒரு இடத்தில் வெட்டி, தன்னை நடுவில் வைத்துத் தைத்துவிடும். தைத்த தையல் தெரியாது. அதற்குப்பின் அந்தச் செல் தன்னைப் பார்த்துத் தன்னை நகல் எடுக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்தே எடுக்கும். தன்னுடையது எது, வந்தது எது என்று அதற்குத் தெரியாது. என்றைக்கோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு கோழியின் முட்டையாகப் போகிற செல்லிலோ, சேவலின் விந்துச் செல்லிலோ அப்படி ஒன்று நுழைந்து தைத்துக்கொண்டால், அதிலிருந்து பிறக்கிற குஞ்சின் இறகில், ஈரலில், கண்ணில், அடுத்த முட்டையில், எல்லாவற்றிலும் அது இருக்கும். கூடப் பிறந்ததாகிவிடும்.

"இது அதுதான், அக்கா. பழசு. எப்ப நுழைஞ்சதுன்னே தெரியாத பழசு. கட்டி கிட்டி எதுவும் வராது. புரதத்தை மட்டும் லேசாக் கசிய விடும். நம்ம தட்டு அதையும் நோய்னு எண்ணிடுச்சு."

"எப்படிச் சொல்றாங்க, பழசுன்னு?"

"புதுசா ஒட்டுற நோயா இருந்தா செல்லுக்குச் செல் கண்ட இடத்துல தைச்சிருக்கும். இது அத்தனை கோழிலயும் அதே நூல்ல, அதே இடத்துல இருக்கு. எழுத்துப் பிசகாம. புரியுதா?"

அவள் மேஜையிலிருந்த அட்டையை எடுத்து லைட் ஓட்டையின் பக்கம் சாய்த்தாள். நாலாவது வரியில் விரலை வைத்தாள்.

"இது மாதிரியா?"

டாக்டர் குனிந்து படித்தார். மூலையில் வை. இது என்ன, யார் எழுதினது என்று கேட்டார். அவள் தெரிந்ததைச் சொன்னாள். வந்த இடம் தெரியாது, எழுதினவனைத் தெரியாது, அட்டையைப் பார்த்து அட்டை எழுதுகிறோம், துதிக்கை லைகூட மாறாது என்றாள். அவர் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். சிரிக்கப் போகிறவர்போல் வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

முட்டை நீலமாக இருக்கிறதே, அதுவும் இதேபோல் வந்த வேறொரு சொருகலின் வேலைதான் என்றார். ஓட்டுக்கு நிறம் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் அது உட்கார்ந்துகொண்டதாம். நூலில் சொருகின அந்த வரி இல்லையென்றால் அவளுக்கு இந்த அறையே இல்லை. அவள் அதை யோசித்துக்கொண்டே, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். நமக்குள்ளும் உண்டா என்று.

உண்டு என்றார் அவர். மனுஷ நூலில் நூற்றுக்கு எட்டுப் பங்கு இப்படி எப்போதோ நுழைந்தவற்றின் மிச்சம், பெரும்பாலும் செத்த வரிகள், ஒன்றிரண்டு இன்னும் வேலை செய்கின்றன என்றார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபின் அதையும் சொன்னார். கர்ப்பத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நஞ்சுக்கொடியில் ஒரு மெல்லிய தோல் உண்டு. அந்தத் தோலைச் செல்லோடு செல்லாக ஒட்டுகிற புரதம் இப்படி வந்த ஒரு வைரஸின் எழுத்திலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் அது செல்லுக்குள் நுழைவதற்கு வைத்திருந்த சாமான்.

விளக்கக்கா அட்டையை மேஜையில் திருப்பி வைத்தாள்.

"அதனாலதான் நஞ்சுன்னு பேர் வெச்சாங்களோ என்னவோ" என்றாள்.

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்தார். எழுந்துகொண்டே, வேறு எதையோ சொல்ல வருகிறவர்போல், செருப்பு விஷயத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தாலும் முதலாளி அன்றைக்கே அந்த முப்பத்தெட்டையும் முடித்திருப்பார் என்றார். ஃபிரிட்ஜில் இருந்த முட்டை அன்றைக்கே ஞாபகம் வந்திருந்தால் முடித்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆறாம் கொட்டகை தப்பியது. முதலாளி ரிப்போர்ட்டை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் சுத்தம் பண்ணவே முடியாதா என்றார். எதிலிருந்து எதைப் பிரிப்பது என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். முதலாளி காதுமடலைத் தடவியபடி போய்விட்டார். இரண்டு நாள் கழித்து இருட்டறைக்குப் புது பல்பு வந்தது. மன்னிப்புக் கேட்பது அவர் வழக்கமில்லை. அவள் பல்பை மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டாவது மாத வயிறு. கையை வைத்தாள். உள்ளிருந்து ஒரு முட்டு, பிறகு ஒரு நீளமான உருளல், அரைச் சுற்று.

"இன்னைக்குக் கை ஈரமில்லையா?" என்றாள் மகள்.

"காஞ்சிடுச்சு."

"ஏம்மா அப்படிப் பாக்குற? லைட் அடிக்கிற மாதிரி."

ஒன்றுமில்லை என்றாள். கை அங்கேயே இருந்தது. அந்தத் தோலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருப்பதை நினைத்தாள். யாரென்று தெரியாத ஒன்று வாசலாக நின்று, ஊட்ட வேண்டியதை மட்டும் ஊட்டிக்கொண்டிருக்கிறது. இவள் வயிற்றிலும் அது நின்றிருக்கிறது. கணவர் கதவருகே வந்து, கூமுட்டையா உயிர் முட்டையா என்று விசாரித்தார். உயிர்தான் என்றாள்.

மறுவாரம் எறியாமல் வைத்த அந்த ட்ரேக்குப் பதினெட்டாம் நாள். பொரிக்கிற பெட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய அட்டை நைந்து கூழாகியிருந்தது. புது அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தத் தடவை நாலாவது வரி வேண்டாம் என்று தீர்மானித்தாள். எதற்கென்றே தெரியாத ஒன்றை எதற்கு எழுதிக்கொண்டிருப்பது? பழைய அட்டையைக் கவிழ்த்து வைத்தாள், கண்ணில் படாமலிருக்க. கொட்டகை ஆறு. தேதி. எண்ணிக்கை, நாற்பத்திரண்டு. பேனாவை மூடி, சேலைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டைப் பையில் குத்தினாள். முட்டைகளைக் காதோரம் வைத்துக் கேட்டு ஒவ்வொன்றாக மாற்றினாள். இரண்டு மூன்றில் உள்ளே தட்டுகிற சத்தம் அப்போதே வந்துகொண்டிருந்தது. அட்டையைச் சொருகி, ட்ரேயைத் தூக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். உள்ளிருந்து சூடான ஈரக் காற்று முகத்தில் அடித்தது.

பெட்டி விளக்கின் வெளிச்சம் அட்டையில் விழுந்தது. நாலு வரி இருந்தது.

அவள் கையெழுத்துத்தான். மை இன்னும் பளபளத்தது. லகரத்தின் தலையிலிருந்து துதிக்கை வளைந்து இறங்கி, அதன் இடத்தில் சரியாக நின்றது. எழுதினது அவளுக்கு ஞாபகமில்லை. பேனாவைத் தொட்டுப் பார்த்தாள். பைக்குள் மூடியபடி இருந்தது.

முட்டைகளுக்குள் குஞ்சுகள் தட்டிக்கொண்டிருந்தன. பிறகு குனிந்து, ட்ரேயை மூலையில் வைத்தாள்.